ஒரு கரண்டி அதிகம்

எங்கள் தையல் லைனில் அவளை எல்லோரும் எறும்பு என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தவள் நான். நின்றால் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். உட்கார்ந்தால் தையல் மிஷினுக்குப் பின்னால் ஆள் இருப்பதே தெரியாது. கை மட்டும் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும்.

நாங்கள் தைப்பது கைக்குழந்தைகளுக்கான சட்டை. மூன்றாவது மாடியில் நாற்பது மிஷின்கள் வரிசையாக ஓடும். ஒரு முனையில் துண்டு துண்டாக நுழையும் துணி, மறுமுனையில் முழுச் சட்டையாக விழும். நான் கழுத்துக்குப் பட்டி வைப்பேன். எனக்கு அடுத்த மிஷினில் எறும்பு, அந்தக் கழுத்தின் உள்பக்கம் வயது லேபிள் தைப்பாள். 0–3 மாதம், 3–6 மாதம், 6–12 மாதம், 12–24 மாதம். கட்டைவிரல் நகத்தளவு துணி, நான்கு பக்கமும் தையல், மணிக்கு நூற்றைம்பது தைக்க வேண்டும். அவள் நூற்றைம்பத்தைந்து தைப்பாள். எங்களையெல்லாம் மாட்டிவிடுவதற்கென்றே பிறந்தவள் என்று திட்டுவேன். சிரித்துக்கொண்டே நூற்றைம்பத்தாறாவதை எடுப்பாள்.

என் வாயைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பூட்டு கிடையாது. தெரிந்ததைச் சொல்லும், தெரியாததை இன்னும் சத்தமாகச் சொல்லும். எறும்பின் குழந்தை ஆஸ்பத்திரியில் உயிருக்கு ஊசலாடியதில் இந்த வாய்க்கும் பங்கு உண்டு. அதனால் அவளைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல வேறு யார் இருந்தாலும், நான் சொல்வதுதான் நியாயம்.

அவளுக்கும் எனக்கும் இரண்டு வார இடைவெளியில் பிரசவம். எனக்குப் பையன், மூன்று கிலோ இருநூறு. அவளுக்குப் பெண், மூன்று கிலோ அறுநூறு. எறும்பு இத்தனை பெரிய மூட்டையை எப்படிச் சுமந்தாள் என்று லைனே அதிசயப்பட்டது. அவள் புருஷன் பெயிண்டர். அவரும் ஆள் அரையடி குறைச்சல்தான், மேல்சுவருக்கு மற்றவர்கள் ஏணியில் மூன்று படி ஏறினால் இவர் ஐந்து படி ஏற வேண்டும். அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் யார் யாரைத் தூக்கிப் போகிறார்கள் என்று சந்தேகம் வரும். அவர் முகத்தில் அப்போது இருந்த பெருமையை எந்தப் பெயிண்டாலும் மறைக்க முடியாது.

நான்காம் மாதம் இருவரும் வேலைக்குத் திரும்பினோம். கீழ்த்தளத்தில் காப்பகம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு தொட்டில், ஒரு தராசு, எல்லாக் குழந்தைக்கும் பொதுவாக ஒரு காப்பக அக்கா. திங்கட்கிழமை தோறும் அக்கா எடை போடுவாள். எறும்புக்குப் பால் வற்றிவிட்டதால் அவள் குழந்தைக்கு டப்பாப் பால். பாட்டிலில் ஆறு கோடு வரை தண்ணீர், ஆறு கரண்டி மாவு. கரண்டி டப்பாவுக்குள்ளேயே இருக்கும், தலைதட்டிப் போட வேண்டும்.

எங்கள் லைனுக்கு எதிரே ஒரு போர்டு உண்டு. மணிக்கு எத்தனை சட்டை விழுந்தது என்று சூப்பர்வைசர் அதில் எழுதுவார். எண் ஏறினால் பேச்சில்லை. இறங்கினால் வந்து பின்னால் நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார், நிற்பார், அவ்வளவுதான். ஏதோ ஒரு மிஷினில் கோளாறு, இல்லையென்றால் ஏதோ ஒருத்தியிடம் கோளாறு. எட்டு வருஷம் அந்தப் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தவள் எறும்பு. குழந்தையின் எடையை எழுத ஒரு நோட்டு வாங்கியபோது, போர்டில் இருப்பது போலவே கட்டம் போட்டாள். ஒரு பக்கம் மாதம், ஒரு பக்கம் எடை, கடைசிக் கட்டத்தில் ‘கூடியது’.

முதல் மாதம் கூடியது தொள்ளாயிரம் கிராம். இரண்டாம் மாதமும் அதே. வேலைக்குத் திரும்பியதும், சாப்பாட்டு நேரத்தில் அந்த நோட்டை என் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் விரித்து வைப்பாள். நான் என் பையனைப் பற்றி அளந்து விடுவேன். அப்படியே நாட்கள் நன்றாகத்தான் போயின.

ஐந்தாம் மாதம் நானூறு ஆனது. ஆறில் முந்நூறு. எட்டில் இருநூறு. பத்தாம் மாதம் கட்டத்தில் நூறு என்று எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“குறையுதுக்கா.”

“எடையா?”

“எடை இல்ல, கூடுறது. ஒவ்வொரு மாசமும் குறையுது. எங்கயோ கோளாறு இருக்கு.”

காப்பக அக்காவிடம் கேட்டாளாம். அந்தக் குழந்தை தொட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கிறது, பக்கத்துத் தொட்டிலிலிருந்து பொம்மையைப் பிடுங்குகிறது, நாள் முழுக்கத் தவழ்ந்து தரையைத் துடைத்துவிடுகிறது, அதற்கென்ன குறை என்று அக்கா சொன்னாளாம். “எல்லாம் அப்படித்தான், போய் வேலையைப் பாரு” என்றாளாம். அப்படித்தான் என்றால் எப்படித்தான் என்று அவளும் சொல்லவில்லை, எறும்பும் கேட்கவில்லை.

“ஆறாம் மாசம் போட்ட சட்டைக்கா. அந்த மஞ்சள் சட்டை. நாலு மாசம் ஆச்சு, இன்னும் பிடிக்கல, இறுக்கல, அப்படியே இருக்கு. ஒரு குழந்தை வளர்ந்தா சட்டை பத்தாம போகணுமா இல்லையா?”

அந்த மஞ்சள் சட்டை எங்கள் லைனில் விழுந்ததுதான். பட்டி ஓரம் கோணியதால் கழித்துவிட்டார்கள். கழித்த துணியை எடுத்துக்கொள்ள எங்களுக்கு அனுமதி உண்டு. கோணிய பட்டி என் கைவேலை, அதன் லேபிள் அவள் கைவேலை.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். டாக்டரைக் கேள் என்று சொல்லியிருக்க வேண்டும். என் பையன் பத்து கிலோவைத் தாண்டியிருந்தான். அவன் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், கதவில் நுழையவே தலையைக் குனிய வேண்டிய ஆள். பையன் அவரை உரித்து வைத்தவன். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. ஆனால் அன்று மேஜையைச் சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உன் பொண்ணை ஊசியிலயே கோத்துடலாம் போல இருக்குடி” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டது. “டப்பாவுல எழுதியிருக்கறது சும்மா கணக்குக்கு. நான் எப்பவும் ஒரு கரண்டி கூடத்தான் போடுவேன். பாரு எம்புள்ளைய.”

பொய். முழுப் பொய். என் பையன் அதுவரை தாய்ப்பாலும் வீட்டில் மசித்துக் கொடுப்பதும்தான். டப்பாப் பால் கரண்டியை நான் கையால் தொட்டதுகூட இல்லை.

எறும்பு சிரிக்கவில்லை. நோட்டை மூடி, பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் முழுவதும் வெயில் கொளுத்தியது. மூன்றாவது மாடியில் மின்விசிறி வெந்நீராவியைத்தான் சுற்றிவிட்டது. எறும்பு காலையில் புருஷன் கலந்து வைக்கும் பாட்டிலை வாங்கி, அவர் செருப்பு மாட்டும் நேரத்தில் மூடியைத் திறந்து ஒரு கரண்டி மாவு கூடப் போட்டாள். காப்பகத்தில் கொடுத்துவிட்டு வரும் பாட்டில்களிலும் அப்படியே. இரண்டு நாள் கழித்து இரண்டு கரண்டி. பாலுக்கு வயிற்றில் இடம் வேண்டும் என்று, இடையில் கொடுக்கும் தண்ணீரையும் நிறுத்திவிட்டாள். இதெல்லாம் பிறகு அவள் வாயாலேயே கேட்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: குழந்தை நாள் முழுக்கச் சிணுங்குகிறது என்று காப்பக அக்கா இரண்டு தடவை மாடியேறி வந்தாள்.

திங்கட்கிழமை எடை போட்டார்கள். முந்நூறு கிராம் குறைந்திருந்தது.

எறும்பு மிஷினில் வந்து உட்கார்ந்தாள். அவள் கை முதல் தடவையாக மணிக்கு நூற்றிருபதுக்கு இறங்கியது, போர்டிலும் எண் இறங்கியது. சூப்பர்வைசர் வந்து அவள் பின்னால் நின்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று முதல் மூன்று கரண்டி.

புதன்கிழமை, பதினொரு மணி இருக்கும். காப்பக அக்கா மாடிப்படியில் ஓடி வந்த சத்தம், நாற்பது மிஷின் சத்தத்திலும் கேட்டது.

“எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்குது. கண்ணைத் திறந்து திறந்து மூடுது. காலையிலேர்ந்து துணி நனையவே இல்ல. சீக்கிரம் வா.”

எறும்பு எழுந்த வேகத்தில் லேபிள் சுருள் கீழே விழுந்து, தரையில் உருண்டு விரிந்துகொண்டே போனது. சூப்பர்வைசர் “பீஸை முடிச்சிட்டு...” என்று ஆரம்பித்தார். நான் எழுந்து நின்று அவரைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார். நானும் அவள் பின்னால் ஓடினேன். குழந்தையின் உதடு வெடித்திருந்தது. கையை விட்டால் கை துணி போல விழுந்தது.  வாடகை வண்டியில் எறும்பு குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தபடியே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு டாக்டர் ஐம்பது வயசு இருக்கும் ஓர் அம்மா. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, பேச்சைக் குறைத்துக் கையை ஓட்டுகிற ரகம். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், உச்சிக்குழியைத் தடவினார்.

“வாந்தி உண்டா?”

“இல்ல டாக்டர்.”

“வயித்தால போச்சா? காய்ச்சல்?”

“இல்ல.”

“அப்ப இவ்வளவு நீர் எங்க போச்சு?” எங்களைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். குழந்தை அழக்கூட இல்லை. 

பெயிண்டர் வந்து சேர்ந்தார். முழங்கை வரை நீலப் பெயிண்ட், காய்ந்துகூட இருக்கவில்லை. எதைத் தொடுவது என்று தெரியாமல் கைகளைத் தூக்கியபடி நின்றார்.

டாக்டர் திரும்பி வந்தார். “ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. பால் எப்படிக் கலக்கறீங்க?”

பெயிண்டர் முந்திக்கொண்டார். “டப்பாவுல எழுதியிருக்கற மாதிரியேதான் டாக்டர். காலையில நானேதான் கலக்கறேன். ஆறு கோடு தண்ணி, ஆறு கரண்டி. ஒரு துளி கூடக் குறைய இருக்காது.”

டாக்டர் தலையாட்டினார். “சரி. அப்ப மூளைக்கு ஏதாவது கிருமி போயிருக்கான்னு பாக்கணும். முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்கணும். இங்க கையெழுத்துப் போடுங்க.”

காகிதத்தை நீட்டினார். பெயிண்டர் பேனாவை வாங்கினார், காகிதத்தில் நீலக்கறை பட்டது.

எறும்பு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது.  அவளை முந்திக்கொண்டு நான் சொல்லியிருக்கலாம். ‘டாக்டர், பால்ல ஒரு கரண்டி கூடப் போடச் சொன்னது நான்’ என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஏழு பேருக்கு முன்னால் பொய் சொல்லத் தெரிந்த வாய், இரண்டு பேருக்கு முன்னால் உண்மை சொல்ல முடியாமல் ஒட்டிக்கொண்டது. சுவரில் இருந்த ஏதோ ஓர் அறிவிப்பைப் படிப்பது போல நின்றேன். என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது.

“வேணாம் டாக்டர்” என்றாள் எறும்பு. “அவருக்குத் தெரியாது. அவர் கலந்தப்புறம் நான் கூடப் போட்டேன், ஒரு கரண்டில ஆரம்பிச்சு இப்ப மூணு. ஒரு வாரமா. தண்ணியும் கொடுக்கல.”

பெயிண்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பேனா அவர் கையிலேயே இருந்தது.

“ஏம்மா?” என்றார் டாக்டர்.

“வளரமாட்டேங்குது டாக்டர். முன்ன மாதிரி ஏறமாட்டேங்குது.”

“இப்படிப் போடச் சொல்லி யார் சொன்னது?”

நான் தரையைப் பார்த்தேன்.

“யாரும் சொல்லல. நானா போட்டேன்.”

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கையெழுத்துக் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். “சொன்னீங்களே, அது போதும். பால் கெட்டியாயிடுச்சு, தண்ணியும் போகல, அதனால ரத்தத்துல உப்பு ஏறியிருக்கும். இறக்கிடலாம். ஆனா மெதுவாத்தான் இறக்கணும். வேகமா இறக்கினா மூளை வீங்கிடும். ரெண்டு நாள் ஆகும். சீக்கிரம் சீக்கிரம்னு யாரும் என்னைக் கேக்கக்கூடாது.”

ரத்தச் சோதனையும் அதையேதான் சொன்னது. சொட்டுச் சொட்டாக மருந்து நீர் ஏற்றினார்கள். மணிக்கு மணி எண் உயர்ந்தால் சந்தோஷப்பட்டுப் பழகிய எறும்பு, மணிக்கு இத்தனை சொட்டுக்கு மேல் விழுந்துவிடக் கூடாதே என்று அந்தக் குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பெயிண்டர் அவளோடு பேசவில்லை. ஆனால் வெளியே போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் மதியம் குழந்தை கண்ணைத் திறந்து, குழாய் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிடித்து இழுத்தது. நர்ஸ் அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டு எறும்பு அழுத அழுகை வார்டு முழுக்கக் கேட்டது. அதற்கு முந்திய நிமிஷம் வரை அவள் அழவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து போனபோது டாக்டர் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். எறும்பு நோட்டை விரித்து நீட்டினாள். டாக்டர் கட்டங்களைப் பார்த்தார், பிறகு புருஷனையும் பெண்டாட்டியையும் மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“மாசம் தொள்ளாயிரம் கிராம். அதே வேகத்துல போகட்டும்னு வச்சுக்குவோம். ரெண்டு வயசுல இருபத்தஞ்சு கிலோ. பள்ளிக்கூடம் சேர்க்கற அன்னைக்கு அறுபதுக்குப் பக்கம். அது உங்க ரெண்டு பேரையும் இடுப்புல வச்சிக்கிட்டுப் போகும். பரவாயில்லையா?”

பெயிண்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பு.

“வயித்துக்குள்ள இருக்கும்போதுதாம்மா அசுர வளர்ச்சி. வெளிய வந்தப்புறமும் கொஞ்ச மாசம் அந்த வேகம் இருக்கும், மிதிக்கறத நிறுத்தின சைக்கிள் கொஞ்ச தூரம் தானா போற மாதிரி. முதல்ல கொழுப்பைச் சேர்த்து வச்சுக்கும். அப்புறம் தவழணும், நிக்கணும், கண்டதைப் பிடிச்சு இழுக்கணும். குடிக்கறதுல பாதி அதுக்குப் போயிடும். பெருசா பொறந்தாலும் ஆறேழு மாசத்துக்கு மேல அப்பா அம்மா அளவு என்னவோ அந்தப் பாதைக்கு இறங்கி வரும். இவ இறங்கி வந்திருக்கா. அவ்வளவுதான்.”

“அப்ப எதுக்குப் பயப்படணும் டாக்டர்?”

“எடை குறைஞ்சா வாங்க. ரெண்டு மூணு மாசம் ஏறாம அப்படியே நின்னா வாங்க. விளையாடாம சுருண்டு கிடந்தா உடனே வாங்க. மெதுவா ஏறுதேன்னு வந்தா நானே விரட்டிடுவேன்.”

டாக்டர் போனதும், வீட்டுக்குக் கிளம்புவதற்காக எறும்பு குழந்தைக்கு மஞ்சள் சட்டையை மாட்டினாள். நான் துவைத்து எடுத்து வந்திருந்தேன். ஒரு கை நுழைத்தவள் அப்படியே நின்றாள். கழுத்தைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். 6–12 மாதம்.

“எட்டு வருஷமா இதைத் தைக்கிறேன்க்கா” என்றாள். “முதல் சட்டை மூணு மாசத்துக்கு. அடுத்ததும் மூணு மாசம். அதுக்கப்புறம் ஆறு மாசம். கடைசி சட்டை ஒரு வருஷம். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு தடவை என் கையில வந்துது. ஒரு தடவையாவது படிச்சிருக்கலாம்.”

பெயிண்டர் மருந்துச் சீட்டு வாங்கப் போயிருந்தார். இனிமேல் பொறுக்க முடியாது என்று தோன்றியது.

“ஏன்டி என்னைச் சொல்லல? டாக்டர் கேட்டப்ப?”

அவள் பட்டனைப் போட்டபடியே சொன்னாள். “நீ ஒரு கரண்டின்னுதானேக்கா சொன்ன. மிச்ச ரெண்டும் நான் போட்டது. உம்புள்ளைக்கு ஒத்துக்கிட்டது எம்புள்ளைக்கு ஒத்துக்கல. அதுக்கு நீ என்ன பண்ணுவ?”

அதோடு விட்டிருக்கலாம். அவள் எனக்குத் தப்பிக்க வழியைத் திறந்து வைத்திருந்தாள். ஆனால் அந்தக் குழந்தை என் பக்கம் திரும்பி, வெடிப்பு ஆறாத உதட்டை விரித்துச் சிரித்தது.

“நான் அந்த ஒரு கரண்டியும் போட்டதில்ல” என்றேன். “எங்க வீட்டுல டப்பாப் பாலே கிடையாது. எல்லாரும் கேக்கறாங்களேன்னு சும்மா சொன்னேன்.”

அவள் கை பட்டனிலேயே நின்றது. திட்டுவாள், அறைந்துகூட விடுவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீதிப் பட்டனைப் போட்டு முடித்தாள், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள், “வரேன்க்கா” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

குழந்தை தேறிவிட்டது. முதல் பிறந்தநாளன்று எட்டரை கிலோ இருந்ததாகக் காப்பக அக்கா சொன்னாள். இப்போது 12–24 போடுகிறது, அதுவும் கொஞ்சம் தொளதொளவென்று. எறும்பு பழையபடி நூற்றைம்பத்தைந்து தைக்கிறாள். என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள், நூல் அறுந்தால் கோத்துக் கொடுக்கிறாள், சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். லைனில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது.

போன வாரம் குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், இரண்டு நாளாக எதையும் சாப்பிடவில்லையாம். எறும்பு மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். என் பையனுக்கு அந்தப் பல் எல்லாம் முளைத்து ஒரு மாதம் ஆகிறது. இந்த முறை எனக்கு உண்மையிலேயே தெரியும். அவள் என் மிஷினைத் தாண்டி, படியிறங்கி, காப்பக அக்காவிடம் கேட்கப் போனாள்.